மென்பொருள் கேள்வி–பதில்: வாடிக்கையாளர் திருத்திய ரசீது வடிவத்தைப் புதிய பதிப்பில் என்ன செய்வது?

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறேன். அதனுடன் வரும் ரசீது டெம்ப்ளேட்டைக் கடைக்காரர்கள் பலர் தங்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டுள்ளனர். யுபிஐ க்யூஆர் குறியீட்டைச் சேர்ப்பதற்காக, புதிய பதிப்பில் அதே டெம்ப்ளேட்டை நானும் மாற்றியிருக்கிறேன். நிறுவும்போது பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: எழுதக் கூடாது. கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் சேர்த்து, தெர்மல் தாளில் ஓரம் வெட்டுப்படாமல் அச்சாகும்வரை கடைக்காரர் பொறுமையாகச் சரிசெய்த வடிவம் அது. அதற்காக எல்லாரிடமும் பழையதையே விட்டுவைத்தால், எதையும் திருத்தாத கடைக்காரருக்கும் க்யூஆர் வசதி போய்ச் சேராது. ஆகவே, அந்தக் கோப்பில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பதைத்தான் நிறுவி (மென்பொருளை நிறுவும் நிரல்) முதலில் கண்டறிய வேண்டும்.

டெபியன் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி இதை நேர்த்தியாகச் செய்கிறது. பயனர் திருத்தக்கூடிய அமைப்புக் கோப்புகளை நிறுவும்போதே ஒவ்வொன்றின் எம்டி5 ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) அது குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு புதிய பதிப்பு வரும்போது, பயனர் மாற்றாத கோப்பைக் கேட்காமலே புதுப்பிக்கிறது. பயனர் மட்டும் மாற்றியிருந்தால் அதைத் தொடுவதில்லை. இருதரப்பும் மாற்றியிருந்தால் மட்டுமே கேட்கிறது. அப்போதும் வெறுமனே என்டர் தட்டினால் பயனருடையதே நிற்கும். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டுடன் பக்கத்தில் இருக்கும்.

கேட்கும் பகுதியை மட்டும் நீங்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். வாடிக்கையாளர் கல்லாவின் முன் காத்திருக்கும்போது திரையில் தோன்றும் கேள்விக்குக் கடைக்காரர் எதையாவது அழுத்திவிடுவார். பழையதையே வைத்துக்கொண்டு, புதிய வடிவம் வந்திருப்பதைத் தெரிவித்து, இரண்டின் மாதிரி அச்சையும் அவர் ஓய்வாக இருக்கும்போது பார்க்க வழிசெய்யுங்கள்.

இதுவரை ஹாஷ் குறித்துவைக்காமலே விற்றிருந்தாலும் பாதகமில்லை. நீங்கள் வெளியிட்ட எல்லாப் பதிப்புகளின் டெம்ப்ளேட்டுகளுக்கும் இப்போது கணக்கிட்டு, கடைக் கணினியில் உள்ள கோப்பு அவற்றில் ஒன்றோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தாலே கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற, கண்ணுக்குத் தெரியாத குறி சேர்ந்து ஹாஷ் மாறிவிடும் என்பதால், அதையும் வரிமுடிவுக் குறிகளையும் ஒருசீராக்கிய பின்னரே ஒப்பிடுங்கள். எதனுடனும் பொருந்தாத கோப்பைப் பயனருக்கான தனிக் கோப்புறைக்கு நகலெடுத்து, மென்பொருள் முதலில் அங்கே தேடும்படி அமைத்துவிட்டால், நிரல் கோப்புறையில் நீங்கள் எதை மாற்றினாலும் அவருடையது பாதிக்கப்படாது.

அப்படிப் பிரித்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். டெம்ப்ளேட்டில் ‘மொத்தம்’ என்றிருக்கும் புலத்தின் (மென்பொருள் விவரத்தை நிரப்பும் இடத்தின்) பெயரைப் புதிய பதிப்பில் ‘நிகரத் தொகை’ என்று மாற்றினீர்களானால், திருத்திய ரசீதுகளில் எல்லாம் அந்த இடம் காலியாக அச்சாகும். கோப்பை அழிப்பதைவிட இது மோசம், ஏனெனில் முதல் நூறு ரசீது போன பிறகுதான் கடைக்காரர் கவனிப்பார். எனவே புலப்பெயர்களை மாற்றாதீர்கள்; மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய பெயரும் வேலை செய்யட்டும். டெம்ப்ளேட்டின் தலைப்பில் பதிப்பு எண்ணையும் எழுதிவையுங்கள். இணையக் கடை நடத்த உதவும் மென்பொருளான வூகாமர்ஸ் அத்தகைய எண்ணை வைத்தே, தளத்தின் தீமில் (தோற்ற வடிவமைப்பில்) நகலெடுத்துத் திருத்தப்பட்ட டெம்ப்ளேட்டுகளில் எவை காலாவதியானவை என்று தன் நிலை அறிக்கைப் பக்கத்தில் காட்டுகிறது.

கேள்வி: எங்கள் அலுவலகக் கடிதத்தாளை வேர்டின் நார்மல் டெம்ப்ளேட்டிலேயே சேமித்துள்ளேன். ஆஃபீஸைப் புதுப்பித்தால் போய்விடுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பொதுவாகப் போகாது, அந்தக் கோப்பு நிரல் கோப்புறையில் இல்லாமல் உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா பகுதியில் இருக்கிறது. ஆனால் அது பழுதானாலோ காணாமல்போனாலோ வேர்டு வெறுமையான புதிய நார்மலை உருவாக்கிக்கொள்ளும். கடிதத்தாளைத் தனி டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டு, புதுப்பிக்கும் முன் வேர்டை மூடி, இரண்டு கோப்புகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.