குடும்பம் உள்ளதா? ஆம் / இல்லை

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு ஆண்டுகளாக வாசிக்கிறேன். எனக்கு 29 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. நானும் தன்பாலீர்ப்பாளன். என் டீமில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறப் போவதாகவும், 31 ஆண்டுகளாக ஒரே மில்லில் இருந்தும் அங்கே ஒருவரிடமும் சொன்னதில்லை என்றும் போன மாதம் எழுதியிருந்தீர்கள். சாமியையும் கட்சிகளையும் இவ்வளவு துணிச்சலாகத் திட்டுகிறவர் பக்கத்து மேசைக்காரரிடம் ஏன் சொல்லவில்லை? இது கோழைத்தனம் இல்லையா? சாமி இல்லை, கட்சி இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால் ஓய்வுக்குப் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள்? நம் புராணங்களிலேயே நமக்கு இடம் இருக்கிறதே, அதையாவது ஏற்றுக்கொள்ளக் கூடாதா? தவறாக நினைக்க வேண்டாம்.

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

தவறாக நினைக்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். மனசு நிறைந்துபோனது.

நான் மில்லில் சேர்ந்தது 1995-இல். அப்போது எங்களைக் குறிக்கத் தமிழில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் வசவுகள்தான். நீங்கள் இயல்பாக எழுதுகிற 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் 2022-இல் அரசிதழில் ஏறியபோது எனக்கு 27 ஆண்டு சர்வீஸ் முடிந்திருந்தது. சொல்ல நினைத்தாலும் எந்தச் சொல்லில் சொல்லியிருப்பேன்?

ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் எங்களிடமிருந்து விலக்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மறுநாள் காலை டீ நேரத்தில் நூல் கிடங்கு மேலாளர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "சரியாப் போச்சு, இவனுகளை எல்லாம் உள்ள தூக்கிப் போடோணும்" என்றார். என் அப்பா இறந்தபோது இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து, பந்தல் போட்டதிலிருந்து பால் தெளித்தது வரைக்கும் கூட நின்ற மனிதர் அவர். நான் டீயைக் குடித்துவிட்டு மேசைக்குப் போய்விட்டேன். சட்டம் அவர் பக்கம் இருந்தது. வீட்டில் அம்மா இருந்தார், அம்மாவின் மாத்திரைச் செலவு இருந்தது, என் சம்பளம் ஒன்றுதான் வருமானம். இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது நான்.

வேலையை நான் வெறுத்ததே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவன் மில்லில் எல்லோருடைய வாழ்க்கையையும் கொஞ்சம் பார்த்துவிடுகிறான். கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கினால் பணிக்கொடை வந்துவிடும். இந்தக் கணக்கை நூறு பேருக்கு மேல் என் கையால் போட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு முன் ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவராக இருந்த ஓர் அம்மா ஓய்வு பெற்றார். கடைசி நாள், ஷிப்ட் முடிந்து நேராக என் மேசைக்கு வந்தார். புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. காசோலையை வாங்கி முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பொறகு உங்க காசு ஆருக்குங்க சார் போகும்?" என்று கேட்டார். 31 ஆண்டில் மில்லில் என்னிடம் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். கல்யாணம் ஏன் பண்ணவில்லை என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கேள்வியைக் கேட்க வேறு யாருக்கும் தோன்றவில்லை. "தம்பி இருக்கானுங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என்னுடன் 24 ஆண்டுகளாக ஒருவர் வாழ்கிறார். நாகர்கோவில் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம், உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து போன ஆண்டு ஓய்வு பெற்றவர். நான் புனைபெயரில் எழுதுவது அவருக்காகவும்தான். வருங்கால வைப்பு நிதியில் முதலில் அம்மா பெயரைக் கொடுத்திருந்தேன். 2019-இல் அம்மா போன பிறகு தம்பி பெயரை எழுதினேன். அந்தச் சைடர் அம்மா கேட்டுவிட்டுப் போன மறுவாரம் அதை மாற்ற உட்கார்ந்தேன். இணையதளத்தில் முதல் கேள்வியே 'குடும்பம் உள்ளதா? ஆம் / இல்லை' என்பதுதான்.

சட்டப்படி ஆணுக்குக் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், அவனைச் சார்ந்திருக்கும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மக்கள். இவர்களில் ஒருவர் இருந்தாலும் வெளியாள் பெயரை எழுத முடியாது. எனக்கு இவர்களில் யாரும் இல்லை. அதனால் 'இல்லை' என்பதை அழுத்தினால் அவர் பெயரை எழுதலாம். காகிதப் படிவத்தில் இது இன்னும் வெளிப்படையாக இருக்கும்: எனக்குக் குடும்பம் இல்லை என்று சான்றளிக்கிறேன், பின்னால் குடும்பம் அமைந்தால் இந்த நியமனம் ரத்தாகும் என்று எழுதி, கீழே கையெழுத்துக் கேட்கும். புரிகிறதா? 24 ஆண்டாக ஒரே குக்கரில் சோறு வைத்துச் சாப்பிட்ட மனிதருக்கு என் காசு போக வேண்டுமென்றால், எனக்குக் குடும்பமே இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்துத்தான் 'இல்லை'யை அழுத்தினேன். உறவுமுறைக்கு நேரே 'நண்பர்'.

இதில் ஒரு நல்லதும் உண்டு. குடும்பம் இல்லாதவர்கள் மாதாந்திர ஓய்வூதியத்துக்கும் ஒருவரை நியமிக்க அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. பெரிய தொகை ஒன்றும் வராது. என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய் வரைதான். அதை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள், தெரியும். அவருடைய அரசு ஓய்வூதியத்தில் அந்த வழியும் இல்லை. அவர் மனைவியாக ஒரு பெண் இருந்திருந்தால் குடும்ப ஓய்வூதியம் அவர் காலத்துக்குப் பிறகும் தொடரும். எனக்கு எதுவும் வராது. காசைக் கூட விடுங்கள். 2016-இல் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஒப்புதல் படிவத்தை நான் வாங்கியபோது, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய அக்கா நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயில் ஏறி வந்து கையெழுத்துப் போடும் வரை அவர் வலியோடு படுத்திருந்தார்.

கட்சிகளை நான் ஏன் விடாமல் திட்டுகிறேன் என்று கேட்டால் இந்தப் படிவங்களைத்தான் காட்டுவேன். திருமண உரிமை வழக்கில் ஒன்றிய அரசு எங்கள் கோரிக்கையை நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை என்று எழுதிக் கொடுத்தது. என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் மில் கணக்கன். என்னுடன் வாழ்கிறவர் தேங்காய் உரித்துப் பிழைத்த வீட்டுப் பிள்ளை. யார் மேட்டுக்குடி? 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் எங்களைப் போன்ற இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று ஒன்றிய அரசிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. உங்களுக்குத் துணை இருந்தால் அவரோடு போய் அதையாவது உடனே செய்து வையுங்கள். அப்புறம் உயில். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். அவரே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உயில் இல்லாவிட்டால் பிற்பாடு சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

நம் மாநிலக் கட்சிகள் மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். அவர்களை நம்மவர்கள் என்று நினைக்கிற உரிமைதான் காரணம். என் அப்பா பெரியார் கட்சிக்காரர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 1965-இல் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். அன்றைய சட்டத்தின் முன் அது செல்லாது. 1967-இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைக் கொண்டுவந்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. அதன் பிறகு 1969-இல் பிறந்தவன் நான். திருமணம், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால்தான் ஒரு மாநிலத்தால் அதைச் செய்ய முடிந்தது. அதே மாநிலத்தில் 2023 நவம்பரில், எங்களைப் போன்றவர்களுக்காகக் குடும்ப இணைவுப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்யும் முறையைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அரசிடம் சொன்னார். திருமணம்கூட இல்லை, ஒரு பத்திரம். 2025 மே மாதம் இதே உயர் நீதிமன்றம், தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று இரண்டு பெண்களின் வழக்கில் சொன்னது. நீதிபதிகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். மேடையில் சுயமரியாதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் எந்தத் தேர்தலிலாவது எங்கள் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டிருக்கிறார்களா? என் அப்பா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடந்த கட்சிகளின் வாரிசுகளைத்தான் கேட்கிறேன்.

புராணத்தில் இடம் இருக்கிறது என்கிறீர்கள். மோகினியையும் அரவானையும் சொல்வீர்கள், தெரியும். எனக்கு அந்த இடம் வேண்டாம், தம்பி. கதையைக் காட்டி ஒருவர் கொடுக்கிற இடத்தை இன்னொருவர் சுலோகத்தைக் காட்டிப் பிடுங்கிக்கொள்வார். மனுஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். ஆணோடு கூடிய ஆண் உடுத்திய துணியோடு குளிக்க வேண்டும். மாட்டு வண்டியில் பெண்ணோடு கூடியவனுக்கும் அதே குளியல்தான். அதே அத்தியாயத்தில் இன்னோர் இடத்தில் ஆணோடு கூடுவது சாதியை இழக்கச் செய்யும் பாவங்களில் ஒன்று. பைபிளில் லேவியராகமம் 20:13 நேராகக் கொலைத் தண்டனை என்கிறது. இந்தப் புத்தகங்களிடம் போய் நான் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் என் படுக்கையறையில் அவருக்கு வேலை இல்லை.

ஆனால் என்னுடன் வாழ்கிறவர் கடவுளை நம்புகிறார். ஞாயிறு தவறாமல் காலைப் பூசைக்குப் போவார். நான் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே டீக்கடையில் பேப்பர் படித்தபடி காத்திருப்பேன். 24 ஆண்டாக இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. 2023 டிசம்பரில், ஒருபால் இணையர்களைக் குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்று வத்திக்கானிலிருந்து ஆவணம் வந்தது. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்து எனக்குப் படித்துக் காட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த மாதமே விளக்கமும் வந்தது: திருமணச் சடங்கு போலத் தெரியக் கூடாது, பத்துப் பதினைந்து விநாடி போதும். அதையும் எனக்குப் படித்துக் காட்டினார், மெதுவான குரலில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் அடுத்த ஞாயிறும் பூசைக்குப் போனார். பங்குக் குருவிடம் எதையும் கேட்கவில்லை. அவருடைய நம்பிக்கையை நான் ஒரு நாளும் கிண்டல் செய்ததில்லை. அவரைக் காக்க வைத்திருக்கிற அந்த நிறுவனத்தை நான் மன்னிக்கவும் இல்லை.

எதைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று கேட்டீர்கள். அவரைத்தான். வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. காலையில் இரண்டு பேரும் நடக்கப் போகலாம் என்று இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை. வாழ்ந்துவிடுவோம்.

ஓய்வு பெறும் நாளில் எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரையும் அவர் மனைவியையும் ஜோடியாக உட்கார வைத்து இரண்டு மாலை போடுவார்கள். சால்வை, குரூப் போட்டோ, அப்புறம் மில் காரில் வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். பெண் தொழிலாளி என்றால் கணவர் வந்து உட்காருவார். தனியாள் என்றால் ஒரு மாலை. போன வாரம் மனிதவளப் பிரிவில் இருக்கிற பெண்ணிடம் போய் எனக்கு இரண்டு மாலை சொல்லுங்கள் என்றேன். "இன்னொண்ணு ஆருக்குங்க சார்?" என்று கேட்டாள். சொன்னேன். மில்லுக்குள் முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, "இனிஷியல் என்னங்க சார்?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஊரில் தெரிந்தவர்கள் போட்டோவைப் பார்ப்பார்கள், அக்காவிடம் முதலில் கேட்க வேண்டும் என்கிறார். வருகிற சனிக்கிழமை நாகர்கோவில் போகிறோம்.

அன்புடன்.