தலைமையாசிரியர் நிலைப்பதில்லையாம், மகள் அங்கே சேரலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சி முடித்த மகளுக்கு ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஐந்து ஆண்டில் மூன்று தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள், பாதி ஆசிரியர்கள் புதுமுகங்கள் என்று பயப்படுகிறீர்கள்.

எத்தனை பேர் மாறினார்கள் என்பது இருக்கட்டும், எப்படி மாறினார்கள் என்று முதலில் விசாரியுங்கள். துறவற சபை நடத்தும் பள்ளி என்றால், அருட்சகோதரிகள் மாற்றலாகிப் போவது வழக்கம்தான். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு, அதாவது சபை சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்ற வாக்கு, கொடுத்தவர்கள் அவர்கள். சபையின் மாகாணத் தலைவியிடமிருந்து கடிதம் வந்தால் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அந்தத் தலைவிக்கே பதவிக்காலம் உண்டு, புதியவர் வந்தால் மாற்றல் பட்டியலும் புதிதாக வரும். அப்படி மூன்று பேர் போயிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் துறவியரோ குருக்களோ அல்லாத பொதுநிலையினர் மூன்று பேர், அதுவும் கல்வியாண்டின் நடுவில் ராஜினாமா செய்திருந்தால் சங்கதியே வேறு.

பங்கின் கீழ், அதாவது உள்ளூர்க் கோயிலின் கீழ், நடக்கும் பள்ளிகளில் இன்னொரு இடி. தலைமையாசிரியர் அந்தக் கோயிலின் பங்குத்தந்தைக்கும் பதில் சொல்ல வேண்டும், ஆயரின் (பிஷப்பின்) கீழுள்ள மறைமாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பங்குத்தந்தை மாறினால், போன வருடம் ஒப்புக்கொண்ட திட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வேலைப்பளுவைத் தாங்கிக்கொண்டவர்கள்கூட இதில் மனம் வெறுத்துப் போவதுண்டு.

ஆள் பற்றாக்குறைக்குக் காரணம் பழையது. அமெரிக்காவின் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1950 வாக்கில் பணியாளர்களில் 10-க்கு 9 பேர் துறவியர். இன்று நூற்றுக்கு மூன்று பேர் இருந்தாலே அதிகம். துறவியரின் ஊதியம் சபைக்குப் போகும், அவர்களுக்கென்று குடும்பச் செலவு கிடையாது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கோ வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் உண்டு. கட்டணத்தை ஏற்றினால் ஏழைப் பிள்ளைகள் போய்விடுவார்கள், ஏற்றாவிட்டால் ஆசிரியர்கள் போய்விடுவார்கள். இந்த இழுபறியை எந்தத் தலைமையாசிரியரும் தனியாகத் தீர்த்துவிட முடியாது.

நேர்காணலுக்குப் போகும்போது தலைமையாசிரியர் அறைச் சுவரில் பெயர்ப் பலகை இருந்தால் மகளை அதைப் படிக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் பெயர்களுக்கு நேரே நீண்ட ஆண்டுகள் இருக்கும், கீழே வர வர சுருங்கும். அது பரவாயில்லை. பெயருக்குப் பக்கத்தில் 'பொறுப்பு' என்ற சொல் அடுத்தடுத்து வந்தால், பதவியை ஏற்க ஆள் வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் கால அட்டவணை. அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒரே ஆசிரியர் பெயர் மூன்று நான்கு வகுப்புகளில் இருந்தால், காலியிடங்களை இருப்பவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நாளை உங்கள் மகள் தலையிலும் கட்டுவார்கள்.

நான் பெரிதாக நம்புவது துணைத் தலைமையாசிரியரையும் மூத்த பாட ஆசிரியர்களையும். அவர்கள் பத்து வருடமாக அங்கேயே இருந்தால், மேலே யார் வந்து போனாலும் பள்ளி ஓடும், புதிதாக வருபவருக்குக் கற்றுத்தரவும் ஆள் இருக்கும். முதல் வேலையில் அது சம்பளத்துக்குச் சமம் என்பேன்.

நீங்கள் கத்தோலிக்கர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாட ஆசிரியராக இருக்க அது பெரும்பாலும் தடையில்லை. சமயம் கற்பிக்கும் மறைக்கல்வி ஆசிரியர்கள் விஷயம் வேறு: அவர்களை நியமிக்கவோ ஏற்கவோ ஆயருக்கு உரிமை உண்டு என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 805. தலைமைப் பதவிக்கும் பல மறைமாவட்டங்கள் கத்தோலிக்கரையே தேடுகின்றன. ஆள் கிடைக்காமல் திண்டாட அதுவும் ஒரு காரணம். எனவே பதவி உயர்வு எதுவரை என்று இப்போதே கேட்டுவிடலாம், தப்பில்லை.

மூன்றாம் வருடமே ஏதாவது பெரிய பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தால் சந்தோஷத்தில் தலையாட்ட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மற்றபடி, மூத்தவர்கள் நிலைத்திருக்கும் பள்ளி என்றால் சேரட்டும். அந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று நேர்காணலில் கேட்டு, கிடைத்த பதிலை எனக்கு எழுதுங்கள். சம்பளத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.