ரத்தத்தில் கிருமித் தொற்று குணமாகி வந்த கைக்குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்கவில்லை. உரம் விழுந்திருக்குமா?

முதலில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

என் மகன் பிறந்த ஒரு வாரத்தில் ரத்தத்தில் தொற்று என்று என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வைத்தார்கள். பத்து நாள் ஊசி மருந்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாளிலிருந்து துணி மாற்றும்போதெல்லாம் வீறிட்டு அழுதான். வலது காலை நன்றாக உதைத்தான். இடது கால் மட்டும் மடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்தபடியே கிடந்தது. காய்ச்சல் துளியும் இல்லை. என் மாமியார், "உரம் விழுந்திருக்கு, புடவையில போட்டு உருட்டுனா சரியாயிடும்" என்றார். பேரன் மேல் இருக்கும் பாசத்தில் சொன்னதுதான். நாங்கள் முதலில் காட்டிய டாக்டரும் ஊசி போட்ட வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்படியே இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

ஸ்கேன் எடுத்தபோது இடுப்பு மூட்டுக்குள் சீழ். அன்று இரவே மூட்டைத் திறந்து கழுவினார்கள். அப்புறம் நாலு வாரம் ஆன்டிபயாடிக்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகுதான் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் வரும் கிருமி, எலும்பு வளரும் முனைக்குப் பக்கத்தில் தங்கிவிடும். பெரிய பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் வளர்ச்சித் தட்டு ஒரு தடுப்புச் சுவர் மாதிரி. கைக்குழந்தைகளுக்கோ ரத்தக் குழாய்கள் அந்தத் தட்டையும் கடந்து போகின்றன, அந்த வழியாகக் கிருமியும் போய்விடும். இடுப்பில் எலும்பின் அந்தப் பகுதியே மூட்டு உறைக்குள் இருப்பதால், சீழ் நேராக மூட்டுக்குள் இறங்குகிறது. அது குருத்தெலும்பை அரிக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். அதனால்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

தயவுசெய்து உருட்டவோ எண்ணெய் தேய்த்து நீவவோ வேண்டாம். காய்ச்சல் இல்லையே என்று சமாதானம் அடையவும் வேண்டாம். இந்த வயதில் காய்ச்சல் வராமலே தொற்று இருக்கலாம். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றால், அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். முடிந்தால் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

மகனுக்கு இப்போது 9 வயது. இடது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. அந்தப் பக்கச் செருப்பில் அடிப்பாகம் உயர்த்தித் தைத்திருக்கிறோம். தெருவில் ஓடி விளையாடுகிறான். வருடா வருடம் அளந்து பார்க்கிறார்கள். வித்தியாசம் கூடினால், வளர்ச்சி முடிவதற்குள் வலது முழங்கால் பக்கம் சின்ன ஆபரேஷன் செய்து அந்த இடத்தில் வளர்ச்சியை நிறுத்தி, இடது கால் எட்டிப்பிடிக்க விடலாம் என்கிறார்கள். சீழ் எடுத்துக் குணமானாலும் இந்த மாதிரிக் குறை சில வருடம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும், அதனால் பிள்ளை வளர்ந்து முடிக்கும்வரை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளம்பும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து எத்தனை நாள் போட்டார்கள் என்று டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.