ஊசிக்குப் பயந்த பிள்ளை வெள்ளைத் துணிக்கும் ஏன் அழுகிறான்?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. சென்ற ஆண்டு காய்ச்சலுக்காக ஐந்து நாள் மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது தினமும் ஊசி போட்டார்கள். அதன்பின் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறுகிறான். இப்போது சலூனில் வெள்ளைத் துணியைப் போர்த்தினாலும் அழுகிறான். “பிடிவாதம்தான், இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும்” என்கிறார் என் கணவர். அது சரியா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: சரியில்லை, சகோதரி. தயவுசெய்து அவனை அடிக்க வேண்டாம். அந்த ஐந்து நாளில் அவனுடைய உடல் ஒரு பாடத்தை அழுத்தமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ், தம் ஆய்வுக்கூடத்து நாய்களுக்கு உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே உமிழ்நீர் சுரப்பதைக் கவனித்தார். சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியின் ஓசையை ஒலிக்கவிட்டு உடனே உணவளிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தபோது, நாளடைவில் அந்த ஓசை மட்டுமே உமிழ்நீர் சுரக்கப் போதுமானதாயிற்று. இதைத்தான் நம் பாடநூல்கள் ஆக்கநிலையுறுத்தல் என்கின்றன. அங்கே உணவு இருந்த இடத்தில் உங்கள் மகனுக்கு ஊசியின் வலி இருக்கிறது. ஓசை இருந்த இடத்தில் வெள்ளைக் கோட்டு இருக்கிறது. நாய் முடிவெடுத்து உமிழ்நீர் சுரக்கவில்லை. அவனும் முடிவெடுத்து அழவில்லை.

பயம் கோட்டிலிருந்து துணிக்குத் தாவியதைப் பொதுமைப்படுத்தல் என்பார்கள். 1920இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் வெளியிட்ட ஆய்வில், ஆல்பர்ட் என்று குறிப்பிடப்படும் பதினோரு மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதே, தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழு முறை இப்படிச் செய்த பிறகு எலியை மட்டும் கண்டே அழுத குழந்தை, சில நாளில் முயலையும் ரோமக் கோட்டையும் கண்டு அஞ்சியது. அந்தப் பயத்தை நீக்காமலேயே ஆய்வு முடிந்துபோனது. வகுப்பில் இதை நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

உங்களுக்கு வழிகாட்டக்கூடியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். ஆல்பர்ட்டைப் போலவே முயலுக்கும் பஞ்சுக்கும் ரோமக் கோட்டுக்கும் அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனை அவர் குணப்படுத்திய விவரம் 1924இல் வெளிவந்தது. தொடக்கத்தில் பீட்டருக்கு இரண்டு வயது பத்து மாதம். பயமில்லாத பிள்ளைகள் முயலோடு விளையாடுவதை முதலில் பார்க்கச் செய்தார்கள்; அவனும் தேறி வந்தான். இடையில் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சுமார் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் வேளையில், பெரிய நாய் ஒன்று அவன்மீது பாய்ந்தது. பயம் பழையபடி வந்துவிட்டது. அதன்பின் அவனை உயர நாற்காலியில் அமர்த்தி, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்பது தடைப்படாத தூரத்தில் கூண்டு முயலை வைத்தார்கள். பின்னர் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார்கள். முடிவில், முயல் தன் விரலை மெல்லக் கடிப்பதைக்கூட அவன் அனுமதித்தான். வேறு பிள்ளைகளின் பயத்தைப் போக்க, அவர்களுக்கு எடுத்துச் சொல்வது, கேலி செய்வது, அஞ்சும் பொருளைக் கண்ணில் காட்டாமலே இருப்பது ஆகியவற்றையும் ஜோன்ஸ் சோதித்தார். உறுதியாகப் பலன் தந்தவை இரண்டே: பிடித்ததோடு சேர்த்துக் காட்டுவதும், பயப்படாத பிள்ளைகளைப் பார்க்கச் செய்வதும்.

எனவே, மகன் விருப்பமாகச் சாப்பிடும் வேளையில் ஒரு வெள்ளைத் துண்டை அறையின் மறுகோடியில் மடித்து வையுங்கள். அவன் பொருட்படுத்தாத நாள்களுக்குப் பிறகு சற்று அருகே கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு நெருங்கினால் துண்டின் மேலுள்ள பயம் சாப்பாட்டின்மேல் ஏறிக்கொள்ளும் என்று ஜோன்ஸே எச்சரித்திருக்கிறார். அவனைவிடச் சற்றுப் பெரிய அண்ணன் யாராவது முடிவெட்டிக்கொள்வதை உங்கள் மடியிலிருந்து அவன் பார்க்கட்டும். “சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று வீட்டில் யாரேனும் மிரட்டினால், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தேறியபின் ஒருநாள் பயம் திரும்பினால் கலங்க வேண்டாம். பழைய பாடம் அழிவதில்லை, அதன்மேல் புதியது படிகிறது. பீட்டரைப் போல மறுபடி தொடங்கலாம்.

கேள்வி: ஐந்து வயது மகள் அழுதால் பெரும்பாலும் செல்போன் தருவதில்லை, எப்போதாவதுதான் தருகிறோம். ஆனாலும் அழுகை கூடுகிறதே?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த ‘எப்போதாவது’தான் காரணம். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று பழக்கிய தம் ஆய்வு எலிகளுக்கு உணவு உருண்டைகளைத் தாமே செய்துவந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், கையிருப்பு திங்கட்கிழமை காலையில் தீர்ந்துவிடும் என்று கண்டு, நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று என மாற்றினார். எலிகள் சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தன. விட்டுவிட்டுக் கிடைக்கும் வலுவூட்டலால், அதாவது செயலுக்குப் பின் கிடைக்கும் பலனால், ஊன்றிய பழக்கம், ஒவ்வொரு முறையும் கிடைத்ததால் வந்த பழக்கத்தைவிட மெதுவாகவே மறையும் என்பது பின்னர் பல ஆய்வுகளில் உறுதியாயிற்று.

அழாத நேரத்தில், குறித்த வேளையில், குறித்த அளவுக்கு மட்டும் போனைக் கொடுங்கள். அழுகைக்குக் கொடுப்பதை முற்றிலும் நிறுத்தினால் முதல் சில நாள் அது இன்னும் உரக்க வரக்கூடும். அப்போது இளகினால், உரக்க அழுதால் கிடைக்கும் என்பதையே அவள் கற்றுக்கொள்வாள். அந்த நாள்களில் தாத்தா பாட்டி உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே பதிலைச் சொல்வதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.