அதிபரை இறக்க 200 ஓட்டு: வாசகர் கேள்வி பதில்

2024 டிசம்பர் 3 இரவு இராணுவச் சட்டம் கொண்டுவந்த தென் கொரிய அதிபர் யூன் சுக்-யோலின் பதவி 2025 ஏப்ரலில் பறிபோனது பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: அவரை நீக்க டிசம்பர் 7-ல் கொண்டுவந்து தோற்ற தீர்மானம் ஒரே வாரத்தில் ஜெயித்தது எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 300 இடங்கள். அதிபரை நீக்கும் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 ஓட்டு வேண்டும். இது அன்று அவைக்கு வந்தவர்களை வைத்துப் போடும் கணக்கல்ல, மொத்த உறுப்பினர்களை வைத்துப் போடுவது. எதிர்த்தரப்பிடம் இருந்தது 192. மிச்ச எட்டும் ஆளும் மக்கள் சக்திக் கட்சியிலிருந்து வந்தாக வேண்டும்.

தீர்மானம் அவையில் அறிவிக்கப்பட்டு 24 மணி நேரம் கழிந்தபின், 72 மணி நேரத்துக்குள் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். ரகசியம் என்பதால் கட்சி மாறிப் போட்டவர் யார் என்று தலைமைக்குத் தெரியாது. அதனால் ஆளுங்கட்சியினர் ஓட்டே போடாமல் அவையை விட்டு வெளியேறினார்கள். காலி நாற்காலியும் எதிர்ப்பு ஓட்டும் இங்கே ஒன்றுதான். அவர்களில் மூன்று பேர் மட்டும் ஓட்டுப் போட, எண்ணிக்கை 195-ல் நின்றது. 200 பேர் வாக்களிக்காததால் ஓட்டுகளை எண்ணவே இல்லை.

அடுத்த ஏழு நாளும் நாடாளுமன்றத்தின் முன்னால் கூட்டம் பெருகியது. டிசம்பர் 12 அன்று யூன் தொலைக்காட்சியில் தோன்றி, இராணுவச் சட்டம் கொண்டுவந்தது சரியே என்று வாதாடினார். அவரைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு அந்த உரைக்குப் பிறகு சொல்ல வார்த்தை இல்லாமல் போனது. 14-ம் தேதி ஆதரவு 204, எதிர்ப்பு 85. ஆளுங்கட்சியில் குறைந்தது 12 பேர் மாறிப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: இதில் எதிர்க்கட்சிக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லையா? (திருச்சி வாசகர்)

பதில்: இருந்தது. அதற்காகக் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. டிசம்பர் 3 இரவு படையினர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். உறுப்பினர்கள் சிலர் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய், 190 பேராக வாக்களித்து இராணுவச் சட்டத்தை ரத்து செய்தார்கள். உலகமே பார்த்த குற்றம் அது.

ஆனால் அவசரத்துக்குக் காரணம் வேறு. தென் கொரியாவில் துணை அதிபர் கிடையாது. அதிபர் நீக்கப்பட்டால் 60 நாளுக்குள் தேர்தல். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே-மியுங்குக்கு நவம்பரில்தான் தேர்தல் சட்ட வழக்கில் தண்டனை விழுந்திருந்தது; மேல்முறையீட்டிலும் அது உறுதியானால் போட்டியிடவே முடியாது. அவர் தரப்பு நாளைச் சுருக்கப் பார்த்தது, ஆளுங்கட்சி இழுக்கப் பார்த்தது. அமெரிக்காவில் அதிபர் போனால் பெரும்பாலும் அதே கட்சித் துணை அதிபர்தான் வருவார். எதிர்க்கட்சிக்கு நாற்காலி கைக்கு வராது.

கேள்வி: தீர்ப்புக்கு 111 நாள் ஏன் ஆனது? (சேலம் வாசகர்)

பதில்: சட்டப்படி 180 நாள் அவகாசம் உண்டு. நாடாளுமன்றத் தீர்மானத்தோடு அதிபரின் அதிகாரம் நின்றுபோகும். நீக்குவது அரசியல் சாசன நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் ஒப்ப வேண்டும். அப்போது மூன்று இடம் காலி. மீதி ஆறில் ஒருவர் மறுத்தாலும் யூன் திரும்பி வந்திருப்பார்! அந்த இடங்களை நிரப்ப மறுத்த தற்காலிக அதிபர் ஹான் டக்-சூ மீதும் டிசம்பர் 27-ல் 192 ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது; அவர் பிரதமர் என்பதால் பாதிக்கு மேல் ஓட்டே போதும் என்று சபாநாயகர் முடிவு செய்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் இருவரை நியமித்தார். எட்டுப் பேரும் ஏப்ரல் 4 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜூன் 3 தேர்தலில் லீ வென்றார்.

கேள்வி: கொண்டுவந்தவர்களையே இப்படிப்பட்ட தீர்மானம் திருப்பி அடித்ததுண்டா? (நெல்லை வாசகர்)

பதில்: அதே நாட்டில், 2004-ல். தன் ஆதரவுக் கட்சியான ஊரிக்கு மக்கள் ஓட்டுப் போடுவார்கள் என்று நம்புவதாக அதிபர் ரோ மூ-ஹியூன் பேசினார். தேர்தல் நேரத்தில் அதிபர் நடுநிலை தவறக் கூடாது என்பது சட்டம். எதிர்க்கட்சிகள் கைகோத்து மார்ச் 12-ல் 193 ஓட்டில் தீர்மானத்தை நிறைவேற்றின. ஓட்டுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு பேச்சுக்காகப் பதவியைப் பறிப்பதா என்று ஊரே மெழுகுவத்தியோடு தெருவுக்கு வந்ததை மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் 15 பொதுத்தேர்தலில் 299 இடங்களில் ஊரி கட்சிக்கு 152. அதற்கு முன் வெறும் 47. தீர்மானத்தில் கைகோத்த புத்தாயிரம் ஜனநாயகக் கட்சி 9 இடத்துக்குச் சுருங்கியது.

2016-ல் அதிபர் பார்க் குன்-ஹே விஷயம் நேரெதிர். ஊழல் அம்பலமாகி, அவருக்கான ஆதரவு கேலப் கணிப்பில் 4 சதவீதத்துக்கு விழுந்தபிறகே ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 234. சொந்தக் கட்சி உடைந்தது.

ரோவோ 2004 மே 14 அன்று மீண்டும் பதவிக்குத் திரும்பினார். அவர் சட்டம் மீறியது உண்மை, ஆனால் நீக்கும் அளவுக்குக் கடுமையானதல்ல என்றது நீதிமன்றம். 2017-ல் பார்க்கையும் 2025-ல் யூனையும் அதே அளவுகோலால்தான் அளந்து வெளியேற்றினார்கள்.