சூரியனின் கரிய திட்டு ஏன் உருமாறுகிறது?

கேள்வி: விண்கலங்கள் எடுக்கும் சூரியப் படங்களைத் தினமும் பார்ப்பேன். போன மாதம் நடுவில் பெரிய கரிய பள்ளம் ஒன்று தெரிந்தது. 27 நாள் கழித்து அது திரும்ப வந்தபோது பக்கத்தில் பளிச்சென்று ஒரு பகுதி முளைத்திருந்தது, பள்ளத்தின் ஓர் ஓரத்தைக் காணோம். அந்தப் பகுதி பள்ளத்தைத் தின்றுவிட்டதா?

பதில்: நாள் கணக்கு வைத்து இரண்டு படங்களையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

நீங்கள் பார்த்த பள்ளத்துக்குக் கொரோனா துளை என்று பெயர், ஆனால் அங்கே குழி எதுவும் இல்லை. சாதாரண ஒளியில் பார்த்தால் அந்த இடம் தனியாகத் தெரியாது; புற ஊதாப் படத்தில்தான் கறுப்பு. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் பல காந்தக் கோடுகள் ஓரிடத்தில் கிளம்பி வளைந்து வேறிடத்தில் இறங்கும். சூடான பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, அந்த வளைவுகளில் சிக்கி ஒளிரும். கொரோனா துளையிலோ கோடுகள் இறங்காமல் விண்வெளிக்கு நீண்டுவிடுகின்றன. தடுக்க ஆளில்லாத பிளாஸ்மா நொடிக்கு 500 முதல் 800 கி.மீ. வேகத்தில் வெளியே பாய்கிறது. மிஞ்சுவது அடர்த்தி குறைந்த வாயு, அதனால் கறுப்பு.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். ஒரு துளையில் ஒரே காந்த முனைதான் ஓங்கியிருக்கும், வட முனை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக முளைத்த பளிச்சென்ற பகுதிக்கோ, காந்த வளைவு கிளம்பும், இறங்கும் இடங்களாக, வட முனை, தென் முனை என இரண்டு கால்கள் உண்டு. தெற்குக் கால் துளையின் ஓரத்தை நெருங்கும்போது, திறந்திருந்த ஒரு கோடு அதனோடு பிணைந்து மூடிக்கொள்கிறது. அதே நொடியில் திறப்பு அந்தப் பகுதியின் வடக்குக் காலுக்குத் தாவிவிடுகிறது. இதைத்தான் காந்த மறுஇணைப்பு என்கிறார்கள். ஆக, அந்தப் பகுதி துளையைத் தின்னவில்லை, திறப்பை இடம் மாற்றி வைத்திருக்கிறது என்பதே என் ஊகம்.

துளையின் ஓரத்தில் கோடுகள் இப்படி ஓயாமல் பிணைந்து இடம் மாறுவதால்தான் இன்னொரு விசித்திரமும் சாத்தியமாகிறது. சூரியனின் நடுக்கோடு வேகமாகவும் துருவங்கள் மெதுவாகவும் சுழல்கின்றன. அப்படியென்றால் வடக்கு தெற்காக நீண்ட துளை சில சுற்றுகளிலேயே சாய்ந்து இழுபட வேண்டும். ஆனால் 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்திலிருந்து கவனித்த ஒரு பெரிய துளை கெட்டியான ஒரே துண்டுபோலச் சுழன்றது. 1996 ஆகஸ்டில் வடதுருவத்திலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி இறங்கிய துளைக்கு 'யானைத் துதிக்கை' என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சூரியப் படம் அது.

சூரியனின் காந்தச் சுறுசுறுப்பு கூடிக் குறையும் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. சூரியன் அமைதியாக இருக்கும் காலத்தில் இரு துருவங்களிலும் பெரிய துளைகள் உட்கார்ந்திருக்கும். அப்புறம் கரும்புள்ளிகள் பெருகி, சிதைந்து, அவற்றின் எதிர்முனைக் காந்தம் துருவம் நோக்கி நகர, அங்கிருந்த துளைகள் சுருங்கி மறையும். சுறுசுறுப்பின் உச்சத்தை ஒட்டித் துருவங்களின் காந்த முனை மாறிய பிறகு புதியவை உருவாகும்.

அடுத்த சுற்றில் அந்தப் பகுதியின் மறுபக்கத்தையும் பாருங்கள், முன்பு இல்லாத சிறு கரிய திட்டு தெரிகிறதா என்று. கறுப்பு வெள்ளையில் வரும் காந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கால் எந்த முனை என்பதும் விளங்கிவிடும்.