மாமரத்தடியில் பேவர் பிளாக் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா வைத்த மாமரம், 40 வயது இருக்கும். அடிமரச் சுற்றளவு 6 அடி. டிராக்டரும் காரும் நிறுத்தப் போன வருடம் கிழக்குப் பக்கம் பேவர் பிளாக் போட்டோம். இப்போது அந்தப் பக்கக் கிளைகளில் நுனி காய்கிறது, இலையும் சிறுத்துவிட்டது. வேர் ஆழத்தில்தானே இருக்கும், மீதிப் பக்கமும் தூர்வரை பதித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா? மருந்து ஏதாவது அடிக்க வேண்டுமா?
– விவசாயி, நத்தம்

பதில்: மீதிப் பக்கத்து வேலையை உடனே நிறுத்துங்கள், ஐயா.

கொத்தனார் சொல்வது ஆணிவேருக்குச் சரி. ஆனால் மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் எடுத்துத் தருவது சல்லி வேர்கள். அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு அடிக்குள்ளேயே இருக்கும். பக்கவாட்டில் கிளை நிழலையும் தாண்டி ஓடும். கல் பதிக்க முக்கால் அடி தோண்டும்போதே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்புறம் ஜல்லி கொட்டித் திமிசு போட்டு இடிக்கிறார்கள். இறுகிய மண்ணில் காற்று புகாது, வேர் மூச்சுவிட வழியில்லை. அந்த நிலையில் மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. நுனி காய்வது அதனால்தான். பல மரங்களில் இந்தப் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு, மூன்று வருடம் ஆகும். உங்கள் மரம் ஒரே வருடத்தில் காட்டுகிறது என்றால் வேர் நிறையவே போயிருக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து நான்கால் பெருக்குங்கள். உங்கள் மரத்துக்கு 24 அடி வருகிறது. தூரிலிருந்து அத்தனை அடிக்குள் தோண்டாமல் இருப்பது நல்லது. முற்றத்தில் அவ்வளவு இடம் இருக்காது, தெரியும். ஆனால் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு தூரம், அதாவது 6 அடிக்குள், கல் பதிக்கவென்று கடப்பாரையே படக்கூடாது. அங்கே பெரிய வேர் அறுந்தால் ஆடிக் காற்றில் மரமே சாயலாம். 2013-இல் டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை எடுக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சாலையோர மரத்துக்கு அதுவாவது கிடைத்ததே என்று சொல்லலாம். உங்கள் மரத்துக்கு அது போதாது.

கிழக்குப் பக்கம் போட்டதில் தூரிலிருந்து 8 அடி வரையாவது கல்லைப் பெயர்த்து எடுங்கள். கையால் எடுங்கள், ஜேசிபி வேண்டாம். அடியில் உள்ள ஜல்லியை மண்வெட்டியால் மெதுவாக வழித்துவிட்டு, இரண்டு அடிக்கு ஒன்றாக, இரண்டு அங்குல அகலத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி போட்டு மட்கிய தொழுவுரமும் மணலும் கலந்து நிரப்புங்கள். வேர் தட்டுப்பட்டால் வெட்டாமல் குழியைத் தள்ளிப் போடுங்கள். மேலே மூன்று அங்குலம் காய்ந்த இலைச் சருகு போடுங்கள். தூரைத் தொடாமல் அரை அடி விட்டிருக்க வேண்டும். தூரைச் சுற்றி மண் அணைக்கவும் கூடாது. மழையில்லாத நாட்களில் பத்து நாளுக்கு ஒருமுறை, கிளை நிழல் விழும் விளிம்பில் மண் நன்றாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள்.

டிராக்டரை வேறு இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். சக்கரம் மண்ணை இறுக்கிக்கொண்டே இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலன் தராது. மீதிப் பக்கத்தில் நடக்கப் பாதை வேண்டுமென்றால் தோண்டாமல், மண் மேலேயே மணல் பரப்பிப் பலகைக் கல்லை இடைவெளி விட்டு வையுங்கள். இடைவெளியில் சிமெண்ட் பூசாதீர்கள்.

மருந்து இப்போது தேவையில்லை. யூரியாவும் வேண்டாம், இருக்கிற குறை வேரால் புதுத் தழையைத் தாங்க முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நலிந்த மாமரத்தைத் தண்டுத் துளைப்பான் தேடி வரும். அடிமரத்தில் துளையும், கீழே மரத்தூள் போன்ற கழிவும் தெரிந்தால் உடனே எழுதுங்கள். பச்சைக் கிளையில் கை வைக்காமல், முழுதாகக் காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள். வீட்டுக் கூரைப் பக்கம் நீண்டிருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள்.